பெர்ஹெந்தியான் தீவில் கடலாமை பார்க்க ஸ்நோர்கெலிங் செல்வது எப்படி

மலேசியாவின் திரங்கானு மாநிலத்தின் வடகோடியில், கோலா பெசுட் ஜெட்டியிலிருந்து விரைவுப் படகில் அரை மணி முதல் முக்கால் மணி நேரத் தொலைவில் பெர்ஹெந்தியான் பெசார், பெர்ஹெந்தியான் கெச்சில் என்ற இரண்டு தீவுகள் இருக்கின்றன. இவற்றின் கரையோரக் கடற்புல் திட்டுகளில் பேராமை எனப்படும் பச்சைக் கடலாமைகள் பகல் வெளிச்சத்திலேயே மேய்வதால், முக்குளிப்புச் சான்றிதழ் எதுவும் இல்லாதவர்கூட, ஒரு முகமூடியும் ஒரு மூச்சுக் குழாயும் அணிந்து நீரின் மேல் மிதந்தபடியே அவற்றைப் பார்க்கலாம். படகோட்டியும் வழிகாட்டியும் உடன்வரும் அரைநாள் பயணம் இதற்குப் போதுமானது. ஆயினும் பணம் கட்டிப் படகேறிய எல்லாரும் ஆமையை நன்றாகப் பார்த்துவிடுவதில்லை. கும்பலாகக் கைகாலை அடித்துத் துரத்தியதில் கலங்கிய நீருக்குள், விலகிப் போகும் ஓட்டின் பின்பக்கம் மட்டுமே பலருக்குக் கிடைக்கிறது. ஆமை நிதானமாகப் புல்லைக் கடித்து, மூச்செடுக்க மேலே வந்து, மீண்டும் இறங்கி மேய்வதை முழுதாகக் காண விரும்புபவர் முன்கூட்டியே பழக வேண்டியது அசையாமல் மிதப்பதைத்தான். கீழே சொல்லப்படும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை அந்த ஒன்றுக்காகவே.

எப்போது போவது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை தென்சீனக் கடலைக் கொந்தளிக்க வைக்கும். தங்கும் விடுதிகளில் பெரும்பாலானவை அப்போது மூடிக் கிடக்கும். ஆகவே தைப்பூச விடுமுறையில் இந்தப் பயணத்தை நினைத்தும் பார்க்க வேண்டாம். தீபாவளி அக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகோ நவம்பரிலோ வருவதால் அதையும் நம்பித் திட்டமிடுவது உசிதமல்ல. மார்ச் முதல் அக்டோபர் தொடக்கம் வரை பருவம் உண்டு என்றாலும், அதன் நடுப்பகுதியில்தான் கடல் பெரும்பாலும் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும். நோன்புப் பெருநாள் விடுமுறையும் பள்ளி விடுமுறையும் தவிர்க்கத்தக்கவை. திரங்கானுவில் வார ஓய்வு வெள்ளியும் சனியும் ஆகும். கோலாலம்பூர்க்காரர்கள் வருவதோ சனி, ஞாயிறுகளில். மூன்று நாளும் நெரிசல் என்று வைத்துக்கொண்டு, திங்கள் முதல் வியாழன் வரையிலான நாட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஒரே நாளில் எந்த நேரம் என்பதற்கும் விடை எளிது: காலையில் கிளம்பும் முதல் படகு. பிற்பகலில் காற்று எழுந்து நீர்ப்பரப்பு சுருக்கம் சுருக்கமாக மாறிவிட்டால், குழாய்க்குள் நீர் புகுந்துகொண்டே இருக்கும். மேலும் ஆமைகள் மேயும் இடத்தில் காலை ஒன்பது மணிக்கு இரண்டு படகுகள் நின்றால், பதினொரு மணிக்கு அதைப் போல் பல மடங்கு நிற்கும்.

கோத்தா பாரு விமான நிலையத்திலிருந்து சாலை வழியாகக் கோலா பெசுட்டுக்கு வர ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். தீவில் வங்கி இயந்திரத்தை நம்ப முடியாது என்பதால், தேவையான ரொக்கத்தை நிலப்பகுதியிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். ஜெட்டியில் கடல் பூங்காக் கட்டணம் வசூலிக்கப்படும். மலேசியருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு வேறு என்பதால் மலேசிய அடையாள அட்டையான மைகார்டைக் கையோடு வைத்திருங்கள். இரவுப் பேருந்தில் உறங்காமல் வந்து இறங்கிய அன்றே கடலில் இறங்குவதைவிட, ஒரு நாள் கரையோரத்தில் பழகிவிட்டு மறுநாள் காலை போவது எல்லா வகையிலும் மேலானது.

படகைத் தேர்ந்தெடுப்பது

கடற்கரையில் வரிசையாக இருக்கும் பயணக் கடைகள் எல்லாவற்றிலும் பலகையில் எழுதியிருப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஆமை முனை, சுறா முனை, பவளத் தோட்டம், கலங்கரை விளக்கம், மீனவர் கிராமத்தில் மதிய உணவு. ஐந்தாறு இடங்களை அரை நாளுக்குள் அடைத்தால், ஒவ்வொன்றிலும் கால் மணியோ அரை மணியோதான் மிஞ்சும். கண்ணாடியைச் சரிசெய்து, மூச்சைச் சீராக்கி, கண் பழகுவதற்குள் படகோட்டி விசில் அடித்துவிடுவார். ஆமைதான் நோக்கம் என்றால், இரண்டே இடங்களுக்கு மட்டும் போகும் குறும்பயணம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு படகைத் தனியாக அமர்த்திக்கொள்வது செலவுக்கு ஏற்ற பலன் தரும்.

விலையைப் பேசுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, வழிகாட்டி தண்ணீரில் இறங்குவாரா என்பது. சில படகுகளில் 'வழிகாட்டி' என்பவர் படகின் மேல் நின்று, அதோ அங்கே என்று கையைக் காட்டுவதோடு சரி. நீந்தத் தெரியாதவர் ஒருவராவது குழுவில் இருந்தால் அத்தகைய படகில் ஏறக்கூடாது. இறங்குவார் என்றால், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், கயிறு கட்டிய மிதவை வளையம் கொண்டுவருவாரா, பிள்ளைகள் அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று தொடர்ந்து கேட்கலாம். மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து பேர் வழிகாட்டியின் பின்னால் இழுபட்டுப் போவது பார்ப்பதற்குக் கௌரவமாக இராது. ஆனால் கடல் பழகாத குடும்பத்துக்கு இதைவிடச் சிறந்த முறை வேறில்லை, ஏனெனில் உதைக்கவே தேவையில்லாமல் முகத்தை நீருக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டே போகலாம். ஆமையைத் தொட்டபடியோ அதன் ஓட்டைப் பிடித்தபடியோ எடுத்த படத்தை விளம்பரமாக மாட்டியிருக்கும் கடையை அப்படியே கடந்துவிடுங்கள். மீன்களுக்கு ரொட்டி போடுவதைப் பயணத்தின் சிறப்பாகச் சொல்லும் கடைக்கும் இதே மரியாதைதான் பொருந்தும். இத்தீவுகளைச் சுற்றி இரண்டு கடல்மைல் வரையிலான நீர்ப்பரப்பு 1994ஆம் ஆண்டு முதல் கடல் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது என்பது அங்கே தொழில் செய்பவர் யாரும் அறியாத சங்கதியல்ல.

முகமூடி, குழாய், உடை

கடைக்காரர் நீட்டும் முதல் முகமூடியை வாங்கிக்கொண்டு படகுக்கு ஓடாதீர்கள். வாரைத் தலையில் மாட்டாமல், முகமூடியை முகத்தில் மெல்ல வைத்து, மூக்கால் சிறிது மூச்சை உள்ளிழுங்கள். கையை எடுத்த பிறகும் அது முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் அளவு சரி. நழுவினால் அடுத்ததைக் கேளுங்கள். பொருத்தமான முகமூடியிலும் நீர் கசிகிறது என்றால், பெரும்பாலும் நெற்றி முடி விளிம்புக்குள் சிக்கியிருக்கும். அடர்ந்த மீசைக்காரர்களுக்கு மேலுதட்டுப் பக்கம் ஒரு சொட்டு இரு சொட்டாகக் கசிவது இயல்பு. வாரை இறுக்குவதால் அது தீராது, மாறாகத் தலைவலிதான் வரும். வார் காதுக்கு மேலே, தலையின் பின்பக்கம் அகலமான இடத்தில் படிய வேண்டும். கண்ணாடி மங்காமல் இருக்க, காய்ந்த உட்புறத்தில் சிறிது எச்சிலையோ குழந்தைகளுக்கான ஷாம்பு ஒரு சொட்டையோ தேய்த்து, கடல்நீரில் ஒருமுறை அலசிவிட்டு உடனே அணிய வேண்டும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் பவர் உள்ள முகமூடி வாடகைக்குக் கிடைக்குமா என்று முதல் நாளே விசாரிப்பது நல்லது. முகம் முழுவதையும் மூடும் புதுவகை முகமூடிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பதற்றத்தில் வாயிலிருந்து ஒரு குழாயைத் துப்பிவிடுவது எளிது, முழு முகமூடியையும் கழற்றுவது எளிதல்ல.

உடையைப் பொறுத்தவரை, முழுக்கை நீச்சல் சட்டையும் கணுக்கால் வரையிலான இறுக்கமான கால்சட்டையும் போதும். பருத்தித் துணி நீரைக் குடித்துக் கனக்கும். துப்பட்டாவும் தொங்கும் நாடாக்களும் படகின் ஏணியில் சிக்கும். மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றை அறையிலேயே பூட்டிவிட்டு வாருங்கள். நீரில் விரல் சுருங்கும்போது மோதிரம் கழன்று விழுவது சகஜம். தாலிக்கொடியைக் கழற்ற விரும்பாதவர்கள் அதை நீச்சல் சட்டைக்குள் விட்டு, மேலே லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொள்ளலாம். குப்புற மிதக்கும்போது வெயில் முழுவதும் பின்கழுத்திலும் முழங்காலின் பின்புறத்திலும் விழும் என்பதால், அவ்விடங்களைத் துணியால் மூடுவதே சிறந்த வெயில்காப்பு. களிம்பு பூசியே ஆக வேண்டுமென்றால் துத்தநாக ஆக்சைடு கலந்ததைத் தேர்ந்தெடுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரண்டு வேதிப்பொருட்களைக் கொண்ட வெயில்காப்புக் களிம்புகளின் விற்பனையை, அவை பவளத்துக்குத் தீங்கு செய்கின்றன என்பதற்காக ஹவாய் மாநிலம் 2021 முதல் தடை செய்திருக்கிறது. தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருவதும் வேண்டாம். வார் நழுவும், எண்ணெய் கடலில் படலமாக மிதக்கும்.

கரையில் ஒரு மணி நேரம்

படகேறுவதற்கு முதல் நாள் மாலை, இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு பழகும் ஒரு மணி நேரம் மறுநாள் கிடைக்கப்போகும் இன்பத்தைத் தீர்மானிக்கிறது. முதலில் நின்றபடியே முகத்தை மட்டும் நீருக்குள் வைத்து, வாயால் மூச்சை விடுங்கள், வாயாலேயே இழுங்கள். மூக்கு அடைபட்டிருப்பதை மூளை ஏற்றுக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் எழுந்திருக்க வேண்டும் போலத் தோன்றும், அது எல்லாருக்கும் தோன்றுவதுதான். அடுத்து, குழாயின் வாய்ப்பகுதியைப் பல்லால் நறநறவெனக் கடிக்காமல் உதடுகளால் கவ்விப் பழகுங்கள். இல்லாவிட்டால் இருபது நிமிடத்தில் தாடை வலிக்கும்.

பிறகு குழாய்க்குள் வேண்டுமென்றே நீரை விட்டு, 'தூ' என்று ஒரே மூச்சில் பலமாக ஊதி வெளியேற்றிப் பழகுங்கள். ஊதிய உடனே ஆழமாக இழுக்காமல், மிச்சம் நீர் இருக்கிறதா என்று பார்க்க மெதுவாக இழுக்க வேண்டும். இது கைவந்துவிட்டால் சிறு அலைகளைப் பற்றிய பயம் பாதி போய்விடும். முகமூடிக்குள் நீர் புகுந்தால், தலையை மேலே தூக்கி விளிம்பைச் சற்று விலக்கி வடித்துவிட்டால் ஆயிற்று.

கடைசியாக மிதத்தல். லைஃப் ஜாக்கெட் அணிந்து குப்புறப் படுத்து, கைகளை உடம்போடு ஒட்டி வைத்து, கால்களைத் தளரவிட்டு, நூறு எண்ணும் வரை எதையும் அசைக்காமல் இருங்கள். உடம்பு தானாக மிதக்கிறது என்று நம்புவதற்குத்தான் இந்த எண்ணிக்கை. பாதம் கீழே இறங்குவதாகத் தோன்றினால், தலையை இன்னும் சற்று நீருக்குள் தாழ்த்தினால் போதும். தலையைத் தூக்கத் தூக்கக் கால் இறங்கும். மீன்துடுப்பு போன்ற நீண்ட காலணியை, அதாவது ஃபின்னை, முதன்முறை போகிறவர் தவிர்ப்பதே நல்லது. அது வேகத்தைக் கூட்டும், ஆனால் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் உதைக்கும் கால், பவளத்தையோ பக்கத்தில் மிதப்பவரின் முகமூடியையோ உடைத்துவிடும்.

இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் பயணத்துக்கு முன் மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். ஸ்நோர்கெலிங்கில் ஆபத்து பெரும்பாலும் சத்தமில்லாமல் வருகிறது. குப்புற மிதக்கும் ஒருவர் ஆமையைப் பார்க்கிறாரா, நினைவிழந்து கிடக்கிறாரா என்பது பத்தடி தள்ளி இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவரையொருவர் அடிக்கடி தொட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். உச்சந்தலையில் மூடிய கையை வைத்துக் காட்டினால் நலம் என்றும், கையை உயர்த்தி ஆட்டினால் உதவி தேவை என்றும் படகிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம்.

ஆமை இருக்கும் இடத்தில்

ஆமை முனையில் நீர் அவ்வளவு ஆழமில்லை. அடியில் மணலும் குட்டையான கடற்புல்லும் தெரியும். படகின் ஓரத்திலிருந்து குதிக்காமல் ஏணி வழியாக இறங்கி, படகை விட்டு விலகியதும் முதல் சில நிமிடங்கள் ஆமையைத் தேடாமல் மூச்சைச் சீராக்குங்கள். பிறகு கண்ணுக்குத் தேவையானது ஓட்டின் உருவம் அல்ல, மணலில் எழும் சிறு புகை. ஆமை புல்லைக் கடித்து இழுக்கும்போது அடியிலிருந்து மணல் பொங்கி எழும். அந்தப் புகைக்குள் பழுப்பும் பச்சையும் கலந்த ஓர் ஓடு, அதன் மேல் சில சமயம் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒட்டுமீன். வளர்ந்த பேராமையின் ஓடு ஒரு மீட்டர் நீளம் வரை இருக்கும். எடை நூறு கிலோவைத் தாண்டும். வால் ஓட்டுக்கு வெளியே நீண்டு தடித்துத் தொங்கினால் அது ஆண். பவளப்பாறைப் பக்கம், பருந்தின் அலகைப் போல் கூர்ந்த வாயுடன் சற்றுச் சிறிய ஆமை ஒன்று பஞ்சுயிரிகளைக் குடைந்துகொண்டிருந்தால் அது அழுங்காமை. அதைப் பார்க்கக் கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும்.

மேய்ந்துகொண்டிருக்கும் ஆமை சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்செடுக்க மேலே வந்தாக வேண்டும். இதை அறிந்தவருக்கு வேலை மிகச் சுலபமாகிவிடுகிறது. ஆமைக்கு நேர் மேலே போய் நிற்காமல், ஒரு பக்கமாக மூன்று மீட்டராவது தள்ளி, அதன் முகம் தெரியும் கோணத்தில் மிதந்து காத்திருங்கள். நேர் மேலே நின்றால் நீங்கள் அதன் மூச்சுக்கு மூடியாகிவிடுகிறீர்கள். அது எழ முடியாமல் ஒதுங்கி, வேறிடம் தேடி நீந்திவிடும். காத்திருந்தால், மேய்வதை நிறுத்தி, முன்துடுப்புகளை ஒருமுறை அழுத்தி, சாய்வாக மேலே வரும். தலை நீர்ப்பரப்பைத் தாண்டியதும் புஸ்ஸென்று மூச்சு விடும் ஓசை தண்ணீருக்கு மேல் இருக்கும் காதுக்கும் கேட்கும். ஓரிரு முறை இழுத்துவிட்டு, பெரும்பாலும் வந்த திசையிலேயே திரும்பிப் போய் மேயும். உங்களைச் சுற்றியிருப்பவர்கள் துரத்தாதவரை இதே காட்சி திரும்பத் திரும்ப நடக்கும்.

ஆமை உங்களை நோக்கி வந்தால் பின்வாங்கத் துழாவ வேண்டாம்; கையை மடக்கி வைத்துக்கொண்டு அப்படியே இருங்கள், அதுவே விலகிப் போகும். தொடுவது, ஓட்டைப் பிடிப்பது, கூட நீந்தி வழிமறிப்பது, கேமராவின் ஒளியை முகத்தில் பாய்ச்சுவது ஆகியவை எல்லாம் கூடாது. மேய்வதை விட்டு அடிக்கடி தலையைத் திருப்பிப் பார்ப்பதும், திடீரென வேகமெடுப்பதும் நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள் என்பதன் அறிகுறிகள். அப்போது பின்தொடராமல் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. பின்தொடர்ந்தாலும் பிடிக்க முடியாது என்பது வேறு விஷயம். வழிகாட்டியே கும்பலை அழைத்துக்கொண்டு துரத்தினால், நீங்கள் மட்டும் வளையத்தை விட்டுச் சற்றுப் பின்தங்குவதில் தவறில்லை, ஆனால் அவர் கண்ணுக்கு எட்டும் தொலைவிலேயே இருங்கள்.

ஆமையைப் பார்க்கும் மும்முரத்தில் தலையைத் தூக்கிப் படகுகளைப் பார்ப்பதை மறந்துவிடுவது இங்கே மெய்யான ஆபத்து. சுழலும் இயந்திர விசிறியால் அடிபடுவது ஆமைகள் மட்டுமல்ல. பளிச்சென்ற நிறத்தில் லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்குவதும், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பதும், இயந்திரச் சத்தம் நெருங்கினால் குழுவாகக் கூடி நிற்பதும் வழக்கமாக வேண்டும். பவளப்பாறைப் பக்கம் போனால், நீண்ட கறுப்பு முட்களோடு பிளவுகளில் இருக்கும் கடல் முள்ளெலிகள் மேல் காலை ஊன்றாதீர்கள். பெரிய டைட்டன் டிரிகர் மீன் கூடுகட்டும் காலத்தில் கடிக்க வரும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரிந்துகொண்டே போவதால், மேலே எழாமல் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். சுறா முனையில் தென்படும் கருநுனிச் சுறாக்களுக்கு மனிதரைக் கண்டால் கூச்சம்; அவற்றால் தொல்லையில்லை.

படம் எடுப்பதானால், ஆமையின் பக்கவாட்டு முகத்தை, முடிந்தால் இரண்டு பக்கமும், தெளிவாக எடுங்கள். கண்ணுக்குப் பின்னாலுள்ள செதில்களின் அமைப்பு ஆமைக்கு ஆமை வேறுபடும். அதை வைத்தே பெர்ஹெந்தியான் ஆமைத் திட்டத்தைச் சேர்ந்தவர்கள் ஒவ்வோர் ஆமையையும் அடையாளம் கண்டு பதிவு செய்கிறார்கள். நாள், இடம் ஆகியவற்றோடு அனுப்பப்படும் பயணியரின் படம் அவர்களுக்கு மெய்யாகவே பயன்படும். இதே திரங்கானுவின் ரந்தாவ் அபாங் கரையில் 1950களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுகள் வரை இட்ட தோணியாமை, அரை நூற்றாண்டுக்குள் அநேகமாக இல்லாமலே போனதை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கெடுப்பின் அவசியம் புரியும். ஆமை முட்டை விற்பனையை மாநிலம் முழுமையாகத் தடை செய்தது 2022இல்தான். சந்தையில் யாராவது மறைவாக நீட்டினால் ஆசைக்கும் ஆர்வத்துக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

கரைக்குத் திரும்பியதும் முதலில் குடிநீர். வாயால் மூச்சு வாங்கியதில் தொண்டை வறண்டிருப்பது அப்போதுதான் தெரியும். முகமூடியை நல்ல நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். காதில் நீர் தங்கியிருந்தால் தலையைச் சாய்த்து வடியவிடுங்கள், பஞ்சுக்குச்சியால் குடைய வேண்டாம். இரவில் கடற்கரையில் நடக்கப் போனால் கைவிளக்கையும் கைபேசி வெளிச்சத்தையும் அணைத்துவிட வேண்டும். முட்டையிட ஏறிவரும் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். அப்படி ஒன்றைக் காண நேர்ந்தால், அருகில் போகாமல் மீன்வளத் துறையின் ஊழியரிடமோ விடுதிக்காரரிடமோ சொல்லுங்கள்.